கெரிட்: ‘சரி’ என்பதையும் ‘இப்போது’ என்பதையும் தனித்தனியே கேட்கும் மென்பொருள்

கட்டற்ற மென்பொருள் திட்டமொன்றில், பிறர் எழுதி அனுப்பும் நிரல் மாற்றத்தை முதன்மைக் கிளையோடு, அதாவது எல்லோருக்கும் போய்ச்சேரும் நிரல் பிரதியோடு, எப்போது இணைப்பது என்ற கேள்வி எங்களைப் பல மாதங்கள் படுத்திய பிறகுதான், கெரிட் என்னும் மதிப்பாய்வு மென்பொருளை எங்கள் சர்வரில் நிறுவினோம். நிறுவிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டு தைப்பூசக் காவடிகளையும் இரண்டு புயல் பருவங்களையும் அதோடு கடந்துவிட்டோம். எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு அது எந்த அளவுக்கு உதவும், எங்கே கையை விரிக்கும் என்பதை அனுபவித்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் திட்டம் ஒரு தமிழ் நாட்காட்டி நிரல். மொரிசியசில் ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன், கியூர்பிப் ஆகிய ஊர்களில் வாழும் ஆறு பேர், ரியூனியனில் ஒருவர், டர்பனில் ஒருவர், சென்னையில் இருவர் என்று பத்துப் பேர் இதை எழுதுகிறோம். ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால், அந்த ஊரின் சூரிய உதயத்தை ஒட்டித் திதியையும் நட்சத்திரத்தையும் கணித்துத் தருவது அதன் வேலை. விழா நாளை நாங்கள் முடிவு செய்வதில்லை. அதைக் கோவில் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். ஆனால் அவர்களில் சிலர் தங்கள் கணக்கை எங்கள் நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், மாலை நேரத் தமிழ் வகுப்புகளில் அதிலிருந்து மாதத் தாளை அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கிறார்கள். ஆகவே முதன்மைக் கிளையில் ஒரு மாற்றம் சேர்ந்த மறுநாளே அது யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விடுகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு நுண்மையானது என்பதைச் சொன்னால்தான் இணைக்கும் நேரத்தைப் பற்றி நான் இத்தனை கவலைப்படுவதன் காரணம் புரியும். ஒரு நட்சத்திரம் முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. சென்னைக் கடிகாரத்தில் காலை 7 மணிக்கு முடியும் பூசம், ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய போர்ட் லூயிக் கடிகாரத்தில் 5.30க்கு முடிகிறது. ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் 6.30ஐத் தாண்டி உதிக்கிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கோடைகாலத்தில் இருக்கும் போர்ட் லூயியில் 5.45 அளவில் உதித்துவிடுகிறது. அதாவது, கடிகாரத்தில் வேறுபாடு தொண்ணூறு நிமிடம், உதயத்தில் வேறுபாடு ஐம்பது நிமிடம். மிச்சமுள்ள அந்த நாற்பது நிமிட இடைவெளிக்குள் நட்சத்திரத்தின் முடிவு வந்து விழுந்தால், சென்னையில் உதயத்தின்போது இருக்கும் நட்சத்திரம் போர்ட் லூயி உதயத்தின்போது இருக்காது. நாற்பது நிமிடத்தில் ஒரு நாள் மாறும் நிரலில், நேரக் கணக்கைத் தொடும் எந்த மாற்றமும் சிறிய மாற்றமாகாது.

முன்பு நாங்கள் வேறொரு சேவையில் இந்த நிரலை வைத்திருந்தோம். அங்கே நாங்கள் அமைத்துக்கொண்ட முறை இதுதான்: யாராவது ஒருவர் ஒப்புதல் கொடுத்தால் பொத்தான் பச்சையாகும், பச்சையைப் பார்த்தவர் அழுத்துவார். பிழை அந்தச் சேவையினுடையது என்று சொல்லமாட்டேன், அதைவிடக் கண்டிப்பான முறையை அங்கேயும் வைத்திருக்கலாம். நாங்கள் வைக்கவில்லை. அதன் விளைவு ஓர் ஆடி மாதத்தில் தெரிந்தது. சென்னை நண்பர், நட்சத்திர முடிவை இந்திய நேரத்தில் தந்துகொண்டிருந்த செயற்கூற்றை உலகப் பொது நேரத்தில் தருமாறு மாற்றினார். அதே வாரத்தில் குவாத்ர் போர்னில் இருந்த அண்ணன், மொரிசியசுக்கான மாதத் தாளை உருவாக்கும் புதிய பகுதியை எழுதினார். அது பழைய செயற்கூற்றை அழைத்து, வருவது இந்திய நேரம் என்று நம்பி அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தது. இரண்டையும் தனித்தனியே படித்தோம், இரண்டும் சரியாக இருந்தன. தனித்தனியே ஓட்டிய சோதனைகளும் தேறின. இரண்டும் வேறு வேறு கோப்புகளைத் தொட்டதால் இணைக்கும்போது, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி ஒரு முரண்பாட்டையும் காட்டவில்லை. இரண்டும் சேர்ந்தபோது ஐந்தரை மணி நேரப் பிழை பிறந்தது. ஆடிக் கிருத்திகை ஒரு நாள் முன்னதாக அச்சாகி, இரண்டு வகுப்புகளில் தாள் விநியோகமும் ஆகிவிட்டது. விரதத்தை முந்தைய நாளே இருந்து முடித்துவிட்ட ஒரு பாட்டியிடம் அவருடைய பேரன் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த இரு மாற்றங்களில் எது தவறு என்று கேட்டால், எதுவும் இல்லை. இரண்டையும் எந்த வரிசையில், எந்த நாளில், எதன்மேல் வைத்து இணைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை என்பதே தவறு. ஒப்புதல் தருவதும் இணைப்பதும் எங்கள் மனத்தில் ஒரே செயலாக இருந்தன. கெரிட் அவற்றைப் பிரித்துவைக்கிறது என்று கேள்விப்பட்டே அதைப் பார்க்கப் போனோம்.

கெரிட் 2008 அளவில் கூகுளில், ஆண்ட்ராய்டு திட்டத்தின் தேவைக்காகப் பிறந்தது. பைத்தான் மொழியைப் படைத்த கைடோ வான் ராசம் எழுதிய ரீட்வெல்ட் என்ற கருவியிலிருந்து கிளைத்தது. டச்சுக் கட்டடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்டின் பெயர் இரண்டுக்கும் பகிர்ந்து வைக்கப்பட்டது. ஷான் பியர்ஸ் அதை உருவாக்கி வளர்த்தார். ஆண்ட்ராய்டு, குரோமியம், கோ மொழி, ஓபன்ஸ்டாக், கியூட்டி, லிப்ரே ஆபிஸ், விக்கிமீடியா ஆகிய பெருந்திட்டங்கள் இதில் நடந்துவருகின்றன. அப்பாச்சி உரிமத்தில் வெளிவருவதால் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு யானையைக் கட்டித் தீனி போடும் வேலையாகிவிடுமோ என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது. அந்த அச்சத்தில் பாதி உண்மை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கெரிட்டில் ஒரு மாற்றத்துக்கு மதிப்பெண் இடும் முறையே அதன் உயிர். மதிப்பாய்வில் -2 முதல் +2 வரை ஐந்து நிலைகள் உள்ளன. +1 என்றால், எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் இறுதி ஒப்புதலை வேறொருவர் தரவேண்டும் என்று பொருள். +2 இறுதி ஒப்புதல். -1 இப்படியே இணைக்க வேண்டாம் என்ற கருத்து, அது தடுக்காது. -2 தடுத்துவிடும், போட்டவரே எடுக்கும்வரை அல்லது நிர்வாகி நீக்கும்வரை அந்த மாற்றம் நகராது. இரண்டு +1 சேர்ந்தால் ஒரு +2 ஆகாது என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கூட்டிப் பார்க்கிறார்கள். இந்த மதிப்பெண்ணைத் தவிர, சோதனைகள் தேறினவா என்பதற்குத் தனி மதிப்பெண் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் நிறைவேறிய பிறகுதான் இணைக்கும் பொத்தான் தோன்றுகிறது. அந்தப் பொத்தானை அழுத்தும் உரிமை, +2 போடும் உரிமையிலிருந்து வேறான ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு +2 உரிமையைக் கொடுத்து இணைக்கும் உரிமையைக் கொடுக்காமலும் இருக்கலாம், அதை மாற்றியும் செய்யலாம். இந்த ஒரு பிரிப்புக்காகவே கெரிட்டைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருகிறது. வானியல் கணக்கு நன்றாகத் தெரிந்த சென்னை நண்பர் ஒப்புதல் தருகிறார். இங்கே கோவில்களில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் இணைக்கிறார். இரண்டு அறிவும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்டது.

நாங்கள் இன்னும் ஒரு படி போய் மூன்றாவது மதிப்பெண் ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். திட்டத்தின் அமைவுக் கோப்பில் புதிய மதிப்பெண்ணுக்கு ஒரு பெயரையும் அதன் நிலைகளையும் எழுதி, இது நிறைவேறினால்தான் இணைக்கலாம் என்ற நிபந்தனையை இரண்டு வரியில் சேர்த்தால் போதும். எங்கள் மூன்றாவது மதிப்பெண்ணின் பெயர் ‘காலம்’. அதில் +1 என்றால் இன்று இணைக்கலாம், -1 என்றால் இன்று வேண்டாம். நிரல் சரியா தவறா என்பதைப் பற்றி அந்த மதிப்பெண் ஒன்றும் சொல்லாது. ஆனால் மதிப்பெண்ணின் பெயரை ரோமன் எழுத்துகளிலும் எண்களிலும்தான் வைக்க முடியும் என்பதால், தமிழ் நாட்காட்டித் திட்டத்தில் ‘காலம்’ என்ற சொல்லை ரோமன் எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தங்கள் பெயர்ப் பலகையிலும் ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இந்தத் தீவில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் நிரலிலும் அந்த எழுத்து வரவேண்டும்.

ரூபாய் நோட்டைச் சொன்னதால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 1998 இல் வெளியான மொரிசியசின் புதிய நோட்டுகளில் தமிழும் இந்தியும் வழக்கமான வரிசையிலிருந்து இடம் மாறி அச்சாகியிருந்தன. தமிழர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மீண்டும் அச்சிட வேண்டி வந்தது. கெரிட்டில் இணைத்த மாற்றத்தைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் எதிர்மாற்றம் ஒன்று தானாகவே உருவாகி மதிப்பாய்வுக்கு வந்து நிற்கிறது. ஆனால் அச்சில் ஏறிப் பலர் கைக்குப் போனதைத் திரும்பப் பெற எந்தப் பொத்தானும் இல்லை. எங்கள் நிரலின் ஒரு கால் அச்சில் இருப்பதால்தான் இணைக்கும் நாளுக்கு நாங்கள் தனி மதிப்பெண் வைத்தோம்.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு மாற்றத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். சென்ற தை மாதத்தில், ரெதுய் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் ஒருவர் சந்திரனின் நிலையைக் கணிக்கும் பகுதியை மேலும் துல்லியமாக எழுதி அனுப்பினார். அருமையான வேலை. நட்சத்திர முடிவு நேரங்கள் ஓரிரு நிமிடங்கள் நகர்ந்தன. நாங்கள் வைத்திருக்கும் பதினோரு ஆண்டுச் சோதனைப் பட்டியலில் மூன்று நாள்கள் மட்டும் மாறின. மூன்றும் நான் மேலே சொன்ன அந்த நாற்பது நிமிட இடைவெளியின் ஓரத்தில் இருந்த நாள்கள். சென்னையிலிருந்து +2 வந்தது, சோதனையும் தேறியது. அப்போது ரோஸ் ஹில்லில் பல ஆண்டுகள் கோவில் நாட்காட்டியைக் கையால் கணித்த பெரியவர் ஒருவர் ‘காலம்’ மதிப்பெண்ணில் -1 இட்டு இப்படி எழுதினார்: “தம்பி, கணக்கைப் பார்த்தேன், என் கணக்கைவிட உன் கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் கொடியேற்றத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் பழைய தாள் தொங்குகிறது. இப்போது கைபேசியில் ஒரு நாளும் சுவரில் ஒரு நாளும் வந்தால் மக்கள் குழம்புவார்கள். பதறாத காரியம் சிதறாது.” மாணவர் மறுமொழியில், “ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி ஆகிவிடுமே என்றுதான் பயப்படுகிறேன்” என்று எழுதினார்.

இருவர் சொன்னதும் உண்மையாகவே முடிந்தது. விழாக்காலத்தில் ஒரு குழப்பமும் இல்லை. அதே நேரத்தில், காத்திருந்த பத்தொன்பது நாள்களில் முதன்மைக் கிளை நகர்ந்துகொண்டே போனதால், அந்த மாணவர் தம் மாற்றத்தை இரண்டு முறை புதிய அடித்தளத்தின்மேல் எடுத்து வைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவருடைய மாற்றத்தின்மேல் இன்னொருவர் அடுக்கி எழுதியிருந்த மாற்றமும் கூடவே காத்துக் கிடந்தது, ஏனென்றால் கெரிட்டில் அடியில் இருப்பது சேராமல் மேலே இருப்பது சேராது. இணைத்த பிறகு இரண்டு மாதங்களுக்கு அந்த மாணவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தேர்வு இருந்திருக்கலாம். ஆனாலும், தான் செய்த நல்ல வேலை வாசலில் நின்றதைப் பார்த்து அவர் மனம் தளர்ந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு ஒரு விதி செய்தோம்: ‘காலம்’ மதிப்பெண்ணில் -1 இடுபவர், எந்தத் தேதி வரை என்பதையும் ஏன் என்பதையும் எழுதியே ஆகவேண்டும். தேதி எழுதாத -1 செல்லாது, யார் வேண்டுமானாலும் நிர்வாகியிடம் சொல்லி அதை எடுத்துவிடலாம். அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் நிரல் மாற்றத்தைத் தடுக்கும் வாக்கு தொழில்நுட்பக் காரணம் இல்லாவிட்டால் செல்லாது என்று ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டோம்.

மற்றவர்கள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதையும் பார்த்தோம், ஏனென்றால் கருவி எதுவானாலும் விதியை நாம்தான் எழுத வேண்டும். அப்பாச்சி திட்டங்களில் ஒரு யோசனையை முன்வைத்து 72 மணி நேரத்துக்கு யாரும் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் அதை இசைவாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. நோட் ஜேஎஸ் திட்டத்தில் ஒரு மாற்றம் குறைந்தது 48 மணி நேரம் திறந்திருக்க வேண்டும், உலகின் மறுபக்கத்தில் தூங்குபவர்களுக்கும் பார்க்க நேரம் வேண்டும் என்பதற்காக. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் லினஸ் டார்வால்ட்ஸ் ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் இரண்டு வாரங்கள் மட்டும் புதிய வசதிகளை ஏற்கிறார். பிறகு வரும் ஏழு வாரங்கள் அளவுக்குத் திருத்தங்கள் மட்டும்தான். கெர்னலின் இந்த முறை, திருவிழாவுக்கு முன் கொடியேற்றிக் காப்புக் கட்டியபின் ஊரைவிட்டு வெளியே போகாமல் இருக்கும் வழக்கத்தைப் போல எனக்குப் படுகிறது. எப்போது என்ற கேள்வியை ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியே கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஒருமுறை விடை சொல்லிவிடுகிறது.

எங்களுக்கு 72 மணி நேரம் பொருந்தியது. டர்பன் எங்களைவிட இரண்டு மணி நேரம் பின்னால், சென்னை ஒன்றரை மணி நேரம் முன்னால். ஆகவே நேர வேறுபாடு எங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போய்வந்து இரவில் எழுதுபவர்கள் என்பதுதான் சிக்கல். மூன்று இரவுகள் கிடைத்தால் ஓர் இரவிலாவது ஒருவர் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பார். இந்தக் காத்திருப்பைக் கெரிட்டே எண்ணிப் பார்க்கும்படி நாங்கள் அமைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு ஒருவர் பட்டியலைப் பார்த்துக் ‘காலம்’ +1 இடுகிறார், அவ்வளவுதான். இங்கே கெரிட்டின் இன்னொரு வசதி கைகொடுக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் இப்போது யாருடைய முறை என்பதை அந்தப் பெயருக்கு அருகில் ஒரு சிறு அம்புக்குறியால் காட்டுகிறது. எழுதியவர் பதில் சொன்னதும் குறி மதிப்பாய்வாளரிடம் போகிறது, அவர் கருத்திட்டதும் திரும்பி வருகிறது. நீ பார்ப்பாய் என்று நானும் நான் பார்ப்பேன் என்று நீயும் இருந்துவிடுவது பெருமளவு நின்றது.

இனி, அந்த ஆடிக் கிருத்திகைப் பிழைக்கு வருகிறேன். கெரிட் அதைத் தடுத்திருக்குமா? இயல்பாக விட்டுவிட்டால் தடுத்திருக்காது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்த முறையில் இணைப்பது என்று திட்டத்துக்குத் திட்டம் தேர்ந்தெடுக்கக் கெரிட் இடம் தருகிறது: தேவைப்பட்டால் இணைப்புக் கமிட் (கமிட் என்பது கிட்டில் பதிவாகும் ஒரு மாற்றம்) ஒன்றை உருவாக்கிச் சேர்ப்பது, தேவைப்பட்டால் அடித்தளத்தை மாற்றிச் சேர்ப்பது, முன்னோக்கி நகர்த்த முடிந்தால் மட்டுமே சேர்ப்பது என்று பல. நாங்கள் கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுத்தோம். அதன்படி, ஒரு மாற்றம் முதன்மைக் கிளையின் இன்றைய நுனியின்மேல் நேராக உட்கார்ந்திருந்தால் மட்டுமே சேரும். இன்னொன்று முந்திக்கொண்டு சேர்ந்துவிட்டால், இதை மறுபடியும் புதிய நுனியின்மேல் வைத்து, சோதனையை மறுபடியும் ஓட்ட வேண்டும். அப்போது சோதனை ஓட்டிய நிரலும் சேரும் நிரலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். அந்த இரு மாற்றங்களையும் பழைய பிரதியிலிருந்து எடுத்து இந்த முறையில் மறுபடி இணைத்துப் பார்த்தேன். முதல் மாற்றம் சேர்ந்தது. இரண்டாவதைப் புதிய நுனியின்மேல் வைத்துச் சோதனை ஓட்டியதும், கிருத்திகைச் சோதனை ஒன்று உடனே தோற்றது. அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அடித்தளம் மட்டும் மாறி, மாற்றத்தின் உள்ளடக்கம் மாறாமல் இருந்தால், முன்பு இட்ட +2 அப்படியே தங்கும்படி கெரிட் அமைந்திருக்கிறது. ஒருவர் உள்ளடக்கத்தைத் திருத்தினால் மட்டும் +2 உதிர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். மனிதரின் ஒப்புதலுக்கு இந்த ஏற்பாடு நியாயமானது, ஏனென்றால் படித்ததையே மறுபடி படிக்கச் சொன்னால் யாரும் கவனமாகப் படிக்கமாட்டார்கள். ஆனால் சோதனைக்கான மதிப்பெண்ணும் அப்படித் தங்கும்படி தவறிப்போய் அமைத்துவிட்டால், நான் மேலே சொன்ன பாதுகாப்பு முழுவதும் போய்விடும். அமைவுக் கோப்பில் அந்த ஒரு வரியை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. வாரத்துக்கு நான்கைந்து மாற்றங்கள் வரும் எங்களுக்கு அது சுகமாக இருக்கிறது. ஒரு நாளில் நூறு மாற்றங்கள் வரும் திட்டத்தில் ஒவ்வொன்றும் மற்றொன்றைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அத்தகைய இடத்துக்கு, மாற்றங்களை வரிசையில் நிறுத்தி, முன்னால் நிற்பவை எல்லாம் சேர்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டு அடுத்ததைச் சோதிக்கும் கருவி வேண்டும். ஓபன்ஸ்டாக் திட்டம் இதற்காகவே ஸூல் என்ற கருவியை உருவாக்கிக் கெரிட்டோடு இணைத்துப் பயன்படுத்துகிறது. ரஸ்ட் மொழித் திட்டத்தில் பார்ஸ் என்ற கருவி அதே வேலையைச் செய்தது. கிட்ஹப்பில் இத்தகைய வரிசை வசதி 2023 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கெரிட்டில் அது உள்ளே கட்டப்பட்டு வருவதில்லை. சோதனையை ஓட்டும் கருவியும் அப்படித்தான்; ஜென்கின்ஸ் போன்ற ஒன்றை நாமே நிறுவி இணைத்துக்கொள்ள வேண்டும், சோதனைக்கான மதிப்பெண்ணையும் நாமே சேர்க்க வேண்டும்.

யானைக்குத் தீனி போடுவதைப் பற்றிய பாதி உண்மை இதுதான். ஜாவா, சர்வர், உள்நுழைவு, சோதனைக் கருவி, காப்புப் பிரதி என்று நிறுவி முடிக்க எங்களில் இருவருக்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. அதைவிடப் பெரிய இடையூறு, புதிதாக வருபவர் ஏறவேண்டிய படிகள். மாற்றத்தை அனுப்பும்போது கிளையின் பெயருக்கு முன்னால் ஒரு சிறப்பு முன்னொட்டைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கமிட் குறிப்பின் அடியிலும் மாற்றத்துக்கான அடையாள எண் இருக்க வேண்டும், அதைத் தானாகச் சேர்க்கும் சிறு நிரலை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். திருத்தம் கேட்டால் புதிய கமிட் எழுதாமல், அதே கமிட்டைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி வழக்கம் பழகிய பிறகு மிக நல்ல வழக்கம், ஏனென்றால் நான் சென்ற முறை பார்த்ததற்கும் இப்போது வந்திருப்பதற்கும் இடையே என்ன மாறியது என்பதை மட்டும் விரித்துப் பார்க்க முடிகிறது. ஆனால் பழகும்வரை கஷ்டம். ஊர்ப் பெயர்ப் பட்டியலில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த விரும்பிய தமிழ் ஆசிரியை ஒருவர், ஓர் இரவு முழுக்க முயன்றுவிட்டு, மறுநாள் காலையில் திருத்தத்தைத் தாளில் எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். நிரல் எழுதாதவர்கள் திருத்தக்கூடிய தரவுக் கோப்புகளை அதற்குப் பிறகு தனிக் களஞ்சியத்துக்கு மாற்றி, எளிய படிவம் ஒன்றின் வழியே வாங்குகிறோம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.

புயலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தத் தீவில் சர்வர் வைத்திருப்பவர் அதை மறக்க முடியாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இரண்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏறிவிட்டால் இங்கே எந்த மாற்றத்துக்கும் ‘காலம்’ +1 கிடையாது. இணைத்தவர் அடுத்த ஒரு நாள் முழுவதும் மின்சாரத்தோடும் இணையத்தோடும் விழித்திருக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பதே அதன் காரணம். பிழை தெரிந்தால் திரும்பப் பெறவேண்டியவர் அவரே. பண்டிகைக்கு முந்தைய இரவுக்கும் ஆண்டின் கடைசி நாளுக்கும் அதே விதி. ஹார்ட்பிளீட் என்று பின்னாளில் பெயர் பெற்ற பிழை, இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2011 டிசம்பர் 31 அன்று இணைக்கப்பட்ட மாற்றத்தோடு உள்ளே வந்தது. அது வெளிப்பட்டது 2014 ஏப்ரலில். தேதிதான் அந்தப் பிழைக்குக் காரணம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் எங்களில் யாரும் அந்த இரவில் இன்னொருவர் எழுதியதை ஊன்றிப் படிக்கக்கூடிய நிலையில் இருப்பதில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சர்வர் போய்விட்டாலும் பேச்சு போகாது என்பது கெரிட்டின் இன்னொரு பலம். 2019 இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, மதிப்பெண்களும் கருத்துகளும் தனித் தரவுத்தளத்தில் இல்லாமல் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. முழுக் களஞ்சியத்தையும் பிரதி எடுத்து ரியூனியனில் உள்ள நண்பரின் கணினியில் வைத்தால், நிரலோடு சேர்த்து யார் எந்த நாளில் ஏன் வேண்டாம் என்றார் என்பதும் அங்கே போய்விடுகிறது. அந்தப் பெரியவர் எழுதும் கருத்துகளில் பஞ்சாங்கக் கணக்கின் பல நுட்பங்கள் இருக்கின்றன. அவற்றை இழக்க எங்களுக்கு மனம் வராது.

கெரிட் காக்காத ஒன்றையும் சொல்கிறேன். 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்வாசல் ஒன்று மறைந்திருப்பதை ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்து அறிவித்தார். நெடுநாள் உழைத்துப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர்தான் அதை வைத்தவர். அதைத் தூண்டிவிடும் பகுதி கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தது. இணைக்கும் வாசலில் எத்தனை மதிப்பெண் வைத்தாலும், வெளியீட்டைக் கட்டும் இடம் திறந்து கிடந்தால் அது பயன்படாது. ஆகவே எங்கள் வெளியீட்டுத் தொகுப்பை இப்போது இரண்டு பேர் தனித்தனிக் கணினியில் கட்டி ஒப்பிடுகிறோம். இது கெரிட்டுக்கு வெளியே நாங்களே செய்துகொண்ட ஏற்பாடு.

ஒருவரோ இருவரோ எழுதும் திட்டத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அங்கே கேட்க ஆளே இல்லாதபோது கேள்வியைப் பிரித்துக் கேட்டு என்ன பயன்? நிரலே எழுதாத பலரிடமிருந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் வந்து குவியும் திட்டத்துக்கும் இது பொருந்தாது. ஐந்து பேருக்கு மேல் இருந்து, அவர்களில் நிரலை அறிந்தவரும் அந்த நிரலைப் பயன்படுத்தும் மக்களை அறிந்தவரும் வேறு வேறு ஆளாக இருந்து, தவறாக இணைத்தால் அதைச் சுமக்கப்போவது மூன்றாவது ஆள் என்றால், அந்த மூன்று வார இறுதிகளையும் தயங்காமல் செலவிடலாம்.

இதை எழுதும் இந்த இரவில் எங்கள் பட்டியலில் நான்கு மாற்றங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு அந்த மாணவர் அனுப்பியது. டர்பனுக்கான உதய நேரக் கணக்கு. +2 வந்துவிட்டது, சோதனையும் தேறிவிட்டது, மூன்றாவது இரவும் இதுதான். அம்புக்குறி என் பெயருக்கு அருகில் இருக்கிறது.